இரட்டைப்படை நாடிகள்

ஜூலை 3, புதன்

இந்த மாதம் 25ஆம் தேதி தரச்சான்றுக் குழு எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருகிறது. மேட்ரன் சகுந்தலா மேடம் இன்று நர்சுகள் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவே என் பெண்கள் வார்டு மருந்துச் சார்ட்டைத் தூக்கிக் காட்டி, "சார்ட்டுன்னா இப்படி இருக்கணும். ஹெப்சிபா சிஸ்டர் கையெழுத்தப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி" என்றார். இருபத்து நாலு வருட சர்வீசில் இதைக் கேட்க எனக்கு அலுத்ததே இல்லை. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு இசக்கிபிரியாவின் சார்ட்டை எடுத்தார். ஒப்பந்த நர்ஸ், வந்து ஒரு வருடம் ஆகிறது. என் வார்டில் மதியம் இரண்டு மணிக்கு என்னிடமிருந்து டியூட்டி வாங்கிக்கொள்கிறவள். ஒரே அடித்தல் திருத்தல். நாடிக் கட்டத்தில் 67, 83, 91 என்று கோணல்மாணலான எண்கள். "ஏட்டி, எண்பத்து மூணுன்னு யாருக்காவது பல்ஸ் ஓடுமா? எண்பத்து நாலுன்னு போட்டா பேனா தேஞ்சா போயிரும்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "எண்ணுனா அப்படித்தான் வருது சிஸ்டர்" என்றாள்.

ஏழாம் படுக்கைக்கு வந்திருக்கும் வெயிலுகந்தாள் அம்மா நல்ல பேச்சுக்காரி. பஸ் ஸ்டாண்டு எதிரில் இட்லிக்கடை வைத்திருக்கிறவர். இதயம் பலவீனமாகிக் கால் இரண்டும் வீங்கி வந்தார். டாக்டர் அருள்வேல் டிஜாக்சின் எழுதியிருக்கிறார். இதயத்துக்குத் தெம்பு தரும் மாத்திரை, ஆனால் சீக்கிரம் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும். அதனால் திங்கள் முதல் வெள்ளி வரைதான், சனியும் ஞாயிறும் கிடையாது. "கவர்மென்ட் ஆபீசு மாதிரி லீவு போடுத மாத்திரைய இப்பத்தான் பாக்கேன்" என்றார். வார்டே சிரித்தது.

வீட்டில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. துவைக்க யூனிபாரம் மூன்று கிடக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

இருபத்திரண்டு பேரின் சார்ட்டையும் புதுத் தாளில் திருத்தமாக எடுத்து எழுதி முடித்தேன். குழு பார்க்கும்போது ஒரு கறை, ஒரு அடித்தல் இருக்கக் கூடாது. பழைய தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு தாளில் மட்டும் டீயைக் கொட்டிவிட்டேன். அது ஈரமாக இருந்ததால் கைப்பையில் செருகிக் கொண்டுவந்தேன்.

விரல் வலிக்கிறது. வீட்டுக்காரர் தானியேல் இன்று பஸ் டெப்போவிலிருந்து சீக்கிரம் வந்து அவரே சோறு வடித்தார்.

ஜூலை 6, சனி

காலை மருந்து கொடுக்கும்போது வெயிலுகந்தாள் அம்மா உதட்டை மூடிக்கொண்டார். "இன்னைக்கு லீவுல்லா சிஸ்டரம்மா?"

சார்ட்டைப் பார்த்தேன். தினமும் என்றுதான் இருந்தது. டாக்டர் மாற்றியிருப்பார். "உங்க மாத்திரைக்கு ஓவர்டைம் போட்டுருக்காங்க, முழுங்குங்க" என்றேன். சிரித்தபடி முழுங்கினார்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 7, ஞாயிறு

டியூட்டி. சர்ச்சுக்குப் போக முடியவில்லை. எட்டரைக்குள் எல்லாருக்கும் மருந்து முடித்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஏழாம் படுக்கை அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் வாந்தி. மகள் உச்சிமாகாளி இட்லியைப் பிட்டு ஊட்டப் பார்த்தாள். அம்மா தட்டைத் தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டரம்மா, இந்த இட்லி ஏன் மஞ்சளா இருக்கு?"

"மஞ்சத்தூளு போட்டு அவிச்சாளோ என்னவோ, உங்க மகளத்தான் கேக்கணும்" என்றேன்.

"கேலி பண்ணாதீங்க. முப்பது வருசமா இட்லி அவிக்கேன். வெள்ளை எது, மஞ்ச எதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க சேலைகூட மஞ்சளாத்தான் தெரியுது."

என் வெள்ளைச் சேலையைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. வார்டுச் சுவரெல்லாம் மஞ்சள் பெயின்ட்தான், அதன் நிழல் அடிக்கும் என்று சொல்லிவிட்டு எட்டாம் படுக்கைக்குப் போய்விட்டேன்.

இரண்டு மணிக்கு டியூட்டி மாற்றும்போது இசக்கிபிரியா மெதுவாக வந்து நின்றாள். "சிஸ்டர், செவன்த் பெட்டுக்கு பல்ஸ் அம்பத்தொண்ணு வருது."

"காலையில நான் பாத்தது எழுபத்திரண்டு. ஆறு மணி நேரத்துல இருவது குறையுமா? இன்னொரு தரம் எண்ணிப் பாரு. எண்ணத் தெரியலன்னா என் சார்ட்டப் பாத்துப் படி."

பக்கத்தில் இரண்டு ஆயாக்கள் நின்றார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். கரன்ட் போவதற்குள் மாவு ஆட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

ஜூலை 10, புதன்

பதினொன்றரை மணிக்கு வெயிலுகந்தாள் அம்மா கழிப்பறை வாசலில் விழுந்தார். நினைவில்லை. டாக்டர் ஓடி வந்து பார்த்தபோது நாடி 34. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, 108ல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். உச்சிமாகாளி செருப்புக்கூடப் போடாமல் வண்டியில் ஏறினாள்.

காலை எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்தேன். அதற்கு முன் நாடி 72. நானே எண்ணினேன்.

சார்ட்டில் எழுதியிருக்கிறேன், 72 என்று. கையைப் பிடித்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

ஜூலை 12, வெள்ளி

உயிருக்கு இன்னும் உறுதி சொல்லவில்லையாம். இதயத்தைத் துடிக்கவைக்கத் தற்காலிகமாக ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். ரத்தத்தில் டிஜாக்சின் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். பசியில்லாதது, வாந்தி, எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது எல்லாமே அந்த மருந்து மிஞ்சியதற்கு அடையாளம். நர்சிங் படிக்கும்போது பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க் வாங்கினவள் நான்.

திங்கட்கிழமை விசாரணை.

ஜூலை 15, திங்கள்

மேட்ரன், தலைமை டாக்டர், டாக்டர் அருள்வேல் மூவரும் மேஜைக்கு அந்தப் பக்கம். நானும் இசக்கிபிரியாவும் இந்தப் பக்கம்.

டாக்டர் அருள்வேல் சார்ட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "அஞ்சு நாள்தான்னு நான் எழுதினதா ஞாபகம்" என்றார். பிறகு என் எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "எழுத விட்டுட்டேன் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளை வைத்துவிட்டார்.

என்னிடம் கேட்டார்கள். தினமும் 72, 74, 72 என்று இருப்பதைக் காட்டினேன். மேட்ரன் தலையாட்டினார்.

இசக்கிபிரியாவிடம் கேட்டார்கள். செவ்வாய் மதியம் 70 என்று எழுதியிருக்கிறாயே, சரியா என்றார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள், "இல்ல மேடம். எண்ணுனப்ப அம்பத்தொண்ணு. நான்தான் எழுபதுன்னு எழுதுனேன்" என்றாள்.

ஏன் அப்படி எழுதினாய் என்று மேட்ரன் கேட்டார். "என் எண்ணிக்கை மேல எனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சு" என்றாள். நான் ஆயாக்கள் முன்னால் சொன்னதை அவள் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

எண்ணவில்லை.

எழுதிவிட்டேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை, இதில்கூட ஆறு நாள் பொய் எழுதியிருக்கிறேன்.

விரலை மணிக்கட்டில் வைப்பேன். வாய் அடுத்த படுக்கையோடு பேசிக்கொண்டிருக்கும், கண் மாத்திரைத் தட்டில் இருக்கும். நாலைந்து துடிப்பு தட்டுப்பட்டால் 72 என்று எழுதுவேன். அடுத்தவருக்கு 74. அதற்கடுத்தவருக்கு 76. எல்லாருக்கும் 72 என்றால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் அல்லவா. இந்தப் புத்தி எனக்கு எந்த வருடம் வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. இருபத்து நாலு படுக்கைக்கு ஒரு நர்ஸ், ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் என்றால் நாடிக்கு மட்டுமே அரை மணி நேரம் போய்விடும், எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று இங்கே ஒரு பக்கம் எழுதினேன். எழுதியதை வாசித்துவிட்டு அடித்துவிட்டேன். எல்லாருக்கும் வேண்டாம், டிஜாக்சின் சாப்பிடுகிற ஒரே ஒருவருக்காவது எண்ணியிருக்கலாம். முழு நிமிடம் எண்ண வேண்டும், அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இது எனக்குத் தெரியாததா?

அவளுடைய சார்ட்டை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். 67, 83, 91, 59, 77. முழு நிமிடம் எண்ணுகிறவர்களுக்குத்தான் ஒற்றைப்படை வரும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினாலே இரட்டைப்படைதான். என் மாதக் கணக்கில் ஓர் ஒற்றைப்படை எண்கூட இல்லை. ஒரு வருடத்தில் அவள் எண்ணாமல் எழுதியது அந்த 70 ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவும் என்னால்.

ஜூலை 18, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. 31ஆம் தேதியோடு இசக்கிபிரியாவின் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு இல்லை. இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் அவளை நிரந்தரமாக்கியிருப்பார்கள். போகிறவளின் பணிக்குறிப்பில் 'நாடியைப் பொய்யாகப் பதிவு செய்தவர்' என்று ஒரு வரி வேறு. அதோடு அவள் எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பாள்?

உடை மாற்றும் அறையில் அவள் தனியாக இருந்தாள். கேட்டேன். "என் பேர ஏன்டி சொல்லல?"

"நீங்க எழுபதுன்னு எழுதச் சொல்லலையே சிஸ்டர். இன்னொரு தரம் எண்ணுன்னுதான சொன்னீங்க."

"எண்ணுனியா?"

"எண்ணுனேன். திரும்பவும் அம்பத்தொண்ணு."

"பின்ன?"

தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டே சொன்னாள். "மேல உங்க எழுபத்திரண்டு இருந்துச்சு. அவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க. அதுக்குக் கீழ அம்பத்தொண்ணுன்னு எழுத எனக்குக் கை வரல."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் எண்ணவில்லையடி, நீ எண்ணியதுதான் சரி என்று. ஒரு வாக்கியம்தான். வாய் வரைக்கும் வந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள், அவள் போய்விட்டாள். கதவைத் தட்டியவரின் மேல் பழியைப் போடப் பார்க்கிறேன் பார், இப்போதும்.

ஜூலை 20, சனி

தானியேல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்.

"எனக்கு என்ன வந்துட்டு?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

79. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இவர் நாடியை இன்றுதான் எண்ணியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார், என் மனைவி நர்ஸ் என்று.

ஜூலை 21, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து, வெளியே கொண்டுபோகும் கைப்பையைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தேன். பழைய பஸ் டிக்கெட், ஊக்கு, மிட்டாய்த் தாள். அடியில் நாலாக மடிந்த ஒரு தாள், பழுப்பு நிறத்தில் விறைத்துப்போய்.

வெயிலுகந்தாள், படுக்கை 7. டாக்டர் அருள்வேலின் கோழிக்கிறுக்கல். டிஜாக்சின், அதற்கு நேரே டீக்கறையின் நடுவில் 'வாரத்தில் ஐந்து நாள். சனி, ஞாயிறு வேண்டாம்.' காய்ந்தபின் தெளிவாகத் தெரிகிறது. ஈரமாக இருந்தபோதும் தெரிந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால்.

புதுத் தாளில் தினமும் என்று எழுதியது நான். டாக்டர் ஒன்றையும் மாற்றவில்லை.

இந்த டைரியைப் புரட்டி 3ஆம் தேதியைப் படித்தேன். சனி ஞாயிறு கிடையாது என்று என் கையால் நானே எழுதியிருக்கிறேன். ஏன் கிடையாது என்பதற்குக் காரணம்கூட எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள் அந்த அம்மா லீவு இல்லையா என்று கேட்டபோது, சொந்த உடம்புக்காரி கேட்டதை விட்டுவிட்டு நான் எழுதிய தாளை நான் நம்பினேன். அந்த அம்மா, இசக்கிபிரியா, டாக்டர், மூன்று பேருமே சரியாகத்தான் சொன்னார்கள். மூன்று பேரையும் என் கையெழுத்து வாயடைத்துவிட்டது.

நாடியை எண்ணியிருந்தாலாவது இந்தத் தப்பு திங்கட்கிழமையே பிடிபட்டிருக்கும்.

ரொம்ப நேரம் அழுதேன். அழுவதில் யாருக்கு என்ன லாபம்?

ஜூலை 22, திங்கள்

மேட்ரனிடம் தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இன்னும் மூணு நாள்ல கமிட்டி வருது ஹெப்சிபா. உன் வார்டத்தான் முதல்ல காட்டப் போறேன். இதெல்லாம் இருபத்தஞ்சு முடிஞ்சு பேசிக்கலாம்."

"அந்தப் பிள்ளைக்கு 31ஆம் தேதி வரைக்கும்தான் மேடம் இருக்கு."

"பேசிக்கலாம்னு சொன்னேன்ல."

தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நான் சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது மனது லேசாக இருந்தது, சொல்லிவிட்டேனே என்று. அந்த லேசை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

குழு வந்தது. என் வார்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. சார்ட்டுகளுக்குத் தனிப் பாராட்டு. என்னைப் பேசச் சொன்னார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று விரல்விட்டுச் சொன்னேன். கை தட்டினார்கள். இசக்கிபிரியா கடைசி வரிசையில் நின்று தட்டினாள்.

ஜூலை 31, புதன்

மேட்ரன் பேசவேயில்லை. இரண்டு முறை போய்க் கேட்டேன். "அடுத்த வாரம்" என்றார்.

இசக்கிபிரியா இன்று எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போனாள். வேலை போகிறவள் லட்டு கொடுக்கிறாள். எனக்குக் கொடுக்கும்போது, "வெயிலுகந்தாம்மா பிழைச்சிட்டாங்களாம் சிஸ்டர், உச்சியக்கா போன் பண்ணாங்க" என்றாள். அவளுக்குத்தான் போன் பண்ணியிருக்கிறார்கள். எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மேட்ரனை நம்பி உட்கார்ந்திருந்தது போதும். நடந்தது எல்லாவற்றையும் மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்று தலைமை டாக்டருக்கு, ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு. பழைய தாள் மேட்ரன் இழுப்பறையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தேன். அடித்தல் திருத்தலோடு அப்படியே கொடுத்தேன், நல்லபடி எடுத்து எழுதவில்லை.

தானியேலிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைகிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும்" என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறுதலும் ஒரே உறையில் வந்தன. இசக்கிபிரியாவின் பணிக்குறிப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டார்கள், திரும்ப வந்து சேரலாம் என்று அவளுக்கும் கடிதம் போயிருக்கிறது.

போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணாததை, எடுத்து எழுதியதை, இழுப்பறையை. குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீ எண்ணுனதுதான் சரிட்டி. எப்பவுமே நீ எண்ணுனதுதான் சரி. திரும்ப வந்துரு."

"இல்ல சிஸ்டர். ஒரு ஸ்கேன் சென்டர்ல டோக்கன் போட்டுக் குடுக்கிற வேலை கிடைச்சிருக்கு. அது போதும்."

"படிச்ச படிப்ப விட்டுட்டா?"

"எங்கம்மாவுக்குப் போன வாரம் காய்ச்சல். பல்ஸ் பாத்தேன். நாலு தரம் எண்ணியும் நம்ப முடியல சிஸ்டர். எதிர்வீட்டு அக்காவக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். இனி யாரு கையப் புடிக்கவும் எனக்குப் பயமா இருக்கு."

மன்னித்துவிடு என்றேன். "சரி சிஸ்டர்" என்றாள். மேட்ரனிடம் நான் சொன்ன சரி மேடம் மாதிரியே இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை திறந்திருந்தது. உச்சிமாகாளி அடுப்படியில் நின்றாள். வெயிலுகந்தாள் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார்.

கூட்டம் குறையும்வரை நின்று, பிறகு சொன்னேன். உச்சிமாகாளி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"லீவு இல்லையான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"மஞ்சளா இருக்குன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அந்தச் சின்னப் பிள்ளை எங்க? என் கையப் புடிச்சுக்கிட்டு வாய்க்குள்ளயே முணுமுணுன்னு எண்ணும். ரெண்டு தரம் எண்ணுச்சு அன்னைக்கு."

வேலையை விட்டுவிட்டாள் என்றேன். அம்மா வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நான்தான் கேட்டேன், கையைக் கொடுப்பீர்களா என்று. வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினார். எதிரில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. யாரோ மூன்று இட்லி பார்சல் கேட்டார்கள். வேறெங்கும் பார்க்காமல், கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

67.